இசைவு என்னும் சொல்: கருத்தம்மாவும் கருத்தடைச் சான்றிதழும்

1994-இல் வெளிவந்த பாரதிராஜாவின் ‘கருத்தம்மா’ பெற்ற தேசிய விருதுகளுள் ஒன்றின் பெயர் நம் கவனத்துக்குரியது. பெண் சிசுக்கொலையைப் பேசிய அப்படம் ‘குடும்ப நலம் பற்றிய சிறந்த திரைப்படம்’ என்னும் பிரிவில் பரிசு பெற்றது. அரசின் அகராதியில் ‘குடும்ப நலம்’ என்பது வெறுஞ்சொல் அன்று. அதற்கு ஒரு பிறப்புக் கதை உண்டு. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-77 என்னும் ஓராண்டில் மட்டும், 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தேறின. அவற்றுள் பெரும்பாலானவை ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. ஹரியானாவின் உட்டாவர் என்னும் முஸ்லிம் கிராமத்தைக் காவல்துறை சுற்றிவளைத்து ஆண்களைப் பிடித்துச் சென்றது அந்த ஆண்டில்தான். 1977 தேர்தலில் அந்த அரசு வீழ்ந்தது. அதன் பின் ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்றிருந்த துறைக்குக் ‘குடும்ப நலம்’ என்று பெயர் சூட்டப்பட்டது. பெயர் மாறியபோது மற்றொன்றும் மாறிற்று: கத்தி ஆணின் பக்கத்திலிருந்து பெண்ணின் பக்கத்துக்கு நகர்ந்தது. வாக்குரிமை பெற்ற ஆண்கள் சினந்தால் ஆட்சி கவிழும் என்பதை அரசு கற்றுக்கொண்டிருந்தது.

பாரதிராஜா தேனி அல்லிநகரத்தில் பிறந்தவர். ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்தால் உசிலம்பட்டி. 1986-இல் ஓர் ஆங்கில இதழ் அவ்வட்டாரத்துச் சிசுக்கொலையை நாடறியச் செய்தபோது, கணவாயின் இருபுறமும் ஒரே மதுரை மாவட்டமாகவே இருந்தன. ஆகவே படத்தின் சினம் வெளியாளின் சினம் அன்று. அதன் மெய்ம்மையை ஐயுறுவதற்கில்லை. ஆயினும் அச்சினம் எவர்மீது பாய்கிறது என்று பார்க்கவேண்டும். தகப்பன், புகுந்த வீட்டார், பிரசவம் பார்க்கும் கிழவி ஆகியோரே குற்றவாளிக் கூண்டில் நிற்கின்றனர். ‘இரண்டுக்கு மேல் வேண்டாம்’ என்று சுவரெங்கும் எழுதிவைத்த கை அந்தக் கூண்டுக்கு வெளியே நிற்கிறது. பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறை என்று சொல்லிவிட்டு, ஆண் பிள்ளைமீதான வேட்கையைத் தொடாமல் விட்டால், குறைக்கப்படுவது யார் என்பதைக் கணக்கறியாதவரும் சொல்லிவிடுவர்.

அந்தக் கை சும்மா இருந்ததும் இல்லை. படம் வெளிவருவதற்கு இரண்டாண்டு முன்பே, 1992-இல், தமிழக அரசு இரண்டு திட்டங்களைக் கொண்டுவந்தது. ஒன்று தொட்டில் குழந்தைத் திட்டம். சேலத்தில் தொடங்கிய அது 2001-இல் தேனி உள்ளிட்ட மாவட்டங்களுக்கு விரிந்தது. அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டனர். மற்றொன்றுதான் நம் ஆய்வுக்குரியது: பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டம். பெண் மக்களை மட்டுமே பெற்ற ஏழைப் பெற்றோருக்காக அரசு வைப்புத்தொகை செலுத்தும். மகள் 18 வயதை எட்டும்போது அது முதிரும். தொகை அவ்வப்போது மாறிவந்தது. 2011-க்குப் பின் ஒரே மகளெனில் 50,000 ரூபாய், இருவரெனில் ஆளுக்கு 25,000 ரூபாய். விண்ணப்பத்தோடு இணைக்கவேண்டிய தாள்களில் இரண்டை மட்டும் எடுத்துப் பார்ப்போம். ஆண் குழந்தை இல்லை என்னும் வருவாய்த்துறைச் சான்றிதழ் ஒன்று. பெற்றோருள் ஒருவர் குறித்த வயதுக்குள் கருத்தடை அறுவை செய்துகொண்டதற்கான மருத்துவச் சான்றிதழ் மற்றொன்று.

‘பெற்றோருள் ஒருவர்’ என்பது சட்டத்தின் மொழி. அந்த ஒருவர் யார்? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறத்தாழ 58 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவையோ நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டாத பின்னம்.

திட்டத்தின் நோக்கத்தை இகழவேண்டியதில்லை. அந்தத் தொகையால் கல்லூரிப் படி ஏறிய மகள்கள் இருப்பார்கள். ஆனால் அதன் தருக்கத்தை ஒருமுறை உரசிப் பார்ப்பது கடன். சிசுக்கொலைக்கு இலக்கானவள் பெரும்பாலும் முதல் மகள் அல்லள். அக்காமார் இருக்கையில் பிறந்தவள். மூன்றாவதாகப் பிறந்த அந்தக் குழந்தைக்குத் திட்டத்தில் இடமே இல்லை. மகனை எதிர்பார்த்துக் காத்திருக்கும் வீடு, அதாவது ஆபத்து உறையும் வீடு, கையெழுத்திடாது. கையெழுத்திட்ட வீடு மகன் என்னும் எண்ணத்தை ஏற்கெனவே கைவிட்ட வீடு. அப்படியாயின் அரசு காத்தது எவரை? மகளின் எதிர்காலத்தை விலையாக வைத்து அது தாயின் கருப்பையை வாங்கிற்று என்று சொன்னால் கடுமையாகத் தோன்றலாம். ஏலத்தோட்ட வேலைக்காக விடியுமுன் ஜீப்பில் நெருங்கி அமர்ந்து குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் மலையேறும் கூலிப்பெண்ணிடம் 25,000 ரூபாயைக் காட்டிக் கேட்கப்படும் ‘சம்மதமா?’ என்னும் கேள்விக்கு வேறு என்ன பெயர் தருவது?

இந்தப் பழக்கம் பழையது. அறுவை செய்துகொள்ளும் ஏழைக்கு 30 ரூபாய் தரும் முறையை 1950-களின் பிற்பகுதியிலேயே தொடங்கி நாட்டுக்கு வழிகாட்டியது அன்றைய சென்னை மாநில அரசு. அதன் தலைமைச் செயலாளராக இருந்து அதை முன்னின்று நடத்திய ஆர். ஏ. கோபாலசாமி, 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்தவர். கணக்கெடுத்தவரே கழித்தலையும் மேற்கொண்டார்!

பணம் காட்டாமலும் இசைவைக் கடந்துவிடலாம் என்பதற்குச் சான்று, அமெரிக்க மானிடவியலாளர் செசிலியா வான் ஹாலன் 2003-இல் வெளியிட்ட ‘பர்த் ஆன் தி த்ரெஷோல்ட்’ என்னும் நூல். 1995-இல் சென்னையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் ஏழைப் பெண்களின் பேறுகாலத்தை அவர் உடனிருந்து ஆய்ந்தார். அரசு மருத்துவமனைகளில் பிரசவமும் கருச்சிதைவும் ஆன கையோடு, பெண்ணுக்குச் சொல்லாமலே கருத்தடை வளையம் பொருத்துவது அன்றாட நடைமுறையாகிவிட்டதை அவர் பதிவு செய்கிறார். வளையம் இருப்பதை அறியாமலே வீடு திரும்பியவர்களும் உண்டு. அந்நூலின் சிறப்பு, மருத்துவரைக் கொடியவராக வரையாததில் இருக்கிறது. மேலிருந்து எண்ணிக்கை கேட்கப்படுகிறது. கீழே இருப்பவர் எண்ணிக்கையை நிரப்புகிறார். 1996 ஏப்ரலில் மத்திய அரசு இலக்கு முறையைக் கைவிட்டதாக அறிவித்தது. ஏட்டில் இலக்கு மறைந்த பின்னும் விண்ணப்பத் தாளில் சான்றிதழ் நின்றது.

சட்டம் என்ன சொல்கிறது? சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் தெளிவாகவே சொன்னது: ஒரு சோதனைக்குத் தந்த இசைவு மற்றோர் அறுவைக்கு இசைவாகாது, மயக்கத்தில் கிடக்கும் மகளுக்காகத் தாய் தந்த ஒப்புதலும் செல்லாது. 2012-இல் பீகாரின் அராரியா மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு மணி நேரத்தில் 53 பெண்களுக்கு அறுவை செய்யப்பட்டது. 2014-இல் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே நாளில் 83 பெண்களுக்குச் செய்யப்பட்டு, பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் 2016 செப்டம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கருத்தடை முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்தவும், விளைவுகளை உரிய மொழியில் விளக்கியே இசைவு பெறவும் பணித்தது. நம் பகுதியில் பெரும்பாலான அறுவைகள் முகாம்களில் அல்லாமல் மகப்பேற்றை ஒட்டி மருத்துவமனைகளில் நடப்பவை. ஆகவே நம் குறை சத்தமில்லாதது, செய்தித்தாளில் வராதது.

இவ்விடத்தில் நம் மரபின் சொல்லையும் எடுத்துவைக்கலாம். ‘அஸ்ல்’ என்னும் தற்காலிகத் தடுப்பைத் தோழர்கள் கையாண்டதை ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. மனைவியின் அனுமதியின்றி அதைச் செய்யலாகாது என்னும் கருத்தில் உமர் (ரலி) வழியாக இப்னு மாஜாவில் வரும் அறிவிப்பின் தொடரில் பலவீனம் உண்டு. எனினும் ஹனஃபி, மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளின் ஃபகீஹ்கள் அவளது அனுமதியை நிபந்தனையாக்கினர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) உள்ளிட்ட ஷாஃபிகள் அவ்வளவு இறுக்கவில்லை. பிற்கால ஹனஃபிகள் காலச் சீர்கேட்டைக் காட்டி நிபந்தனையைத் தளர்த்தியதும் உண்மையே. பால்குடி மறக்கச் செய்வதற்குக்கூட இருவரின் மனவொப்புதலையும் கலந்தாலோசனையையும் திருக்குர்ஆன் (2:233) கேட்கிறது. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாதமி, நிரந்தரக் கருத்தடையை நிர்ப்பந்தமின்றி ஏற்கவில்லை. பிள்ளைப்பேற்றைக் கட்டுப்படுத்தப் பொதுச்சட்டம் இயற்றுவதையும் ஏற்கவில்லை. தம்பதியர் கலந்து உடன்பட்டுச் செய்யும் தற்காலிக இடைவெளியை ஏற்றது.

உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் வாழும் இராவுத்தர்கள் ஹனஃபிகள். ஆகவே அவளது அனுமதி என்னும் நிபந்தனை நமக்குப் புத்தகத்தில் மட்டும் உள்ள பொருள் அன்று. ஆனால் அறுவை ஹராம் என்று மனைவியின் சார்பில் மறுத்துரைத்த கணவன்மாருள் எத்தனை பேர் அவளைக் கேட்டனர்? நான்காம் கருவைச் சுமப்பதற்கு அவளிடம் எவர் இசைவு பெற்றார்? மருத்துவமனையில் அவளுக்காகக் கையெழுத்திட்டவரும் வீட்டில் அவளுக்காக மறுத்தவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். அரசின் வழிகாட்டி நெறிகள் கணவனின் ஒப்புதல் தேவையில்லை என்று 2006-லேயே எழுதிவைத்தன. அதை அறிந்த பெண்கள் நம் தெருக்களில் எத்தனை பேர் என்று நம் ஜமாஅத்துகள் கேட்டதுண்டா?

இப்போது காற்று திசைமாறி வீசுகிறது. 2019-21 ஆய்வின்படி தமிழ்நாட்டின் கருவள வீதம் 1.8 ஆக இருந்தது. நாடாளுமன்றத் தொகுதி மறுவரையறையில் இடங்கள் குறையும் என்னும் அச்சத்தில், 2025 மார்ச்சில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின், மணமக்கள் தாமதமின்றிப் பிள்ளை பெறவேண்டும் என்று ஒரு திருமண மேடையில் கேட்டுக்கொண்டார். முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் ‘போதும்’ என்று கேட்டு அறுவைச் சான்றிதழை வாங்கியதும், இன்று ‘வேண்டும்’ என்று கேட்பதும் ஒரே கோட்டை. அன்று சான்றிதழ் பெற்ற கம்பம் பள்ளத்தாக்குத் தாய்மாருள் பலர் இன்று பேத்திகளை மடியில் வைத்திருப்பவர்கள். அந்தத் தாளில் எழுதியிருந்ததை அவர்களுக்கு எவரேனும் படித்துக் காட்டினார்களா என்று அவர்களையே கேட்டு எழுதிவைக்க இன்னும் காலம் இருக்கிறது.