ஃபைபர் கம்பி: விற்பனைத் தாளில் இல்லாத ஒரு எண்

செம்பரம்பாக்கம், பூந்தமல்லி பக்கம் வீடு கட்டும் நண்பர்கள் என்னிடம் கேட்பது இது: "டிஎம்டி கம்பிக்குப் பதிலா ஃபைபர் கம்பி போடலாமா?" கூடவே ஒரு விற்பனைத் தாளும் வாட்ஸப்பில் வரும். துரு பிடிக்காது, எஃகின் எடையில் கால் பங்குதான், இழுவிசை வலிமை அதிகம். மூணுமே உண்மைதான். என் விமர்சனம் அதில் இல்லாத ஒரு எண்ணைப் பற்றியது: சூடானால் என்ன ஆகும்? நான் சாஃப்ட்வேர் ஆள், சிவில் இல்லை. ஆனால் எதை டெஸ்ட் பண்ணாமல் விட்டிருக்கிறார்கள் என்று தேடுவது எங்கள் தொழில் பழக்கம்.

இந்தக் கம்பி, கண்ணாடி இழைகளை வினைல் எஸ்டர் போன்ற ரெசினில் தோய்த்து இழுத்து இறுக வைத்தது. பளுவைத் தாங்குவது இழை. இழையையும் கான்கிரீட்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது ரெசின். இழை சில நூறு டிகிரி வரை ஓரளவு தாக்குப்பிடிக்கும். ரெசினோ சுமார் 100 முதல் 130 டிகிரி செல்சியஸிலேயே இளக ஆரம்பித்துவிடும். அதனால் கம்பி எப்போது அறும் என்று கேட்பதில் பயனில்லை. கான்கிரீட்டிலிருந்து எப்போது வழுக்கும் என்றுதான் கேட்கணும்.

1999-இல் காட்ஸ், பெர்மன், பேங்க் மூவரும் இதை அளந்து வெளியிட்டார்கள். அறை வெப்பத்திலிருந்து 250 டிகிரிக்குப் போனபோது ஃபைபர் கம்பிகளின் பிடிப்பு 80-90 சதவீதம் குறைந்தது. எஃகுக் கம்பி இழந்தது 38 சதவீதம்.

இப்போது நம்ம ஊர்க் கணக்கு. ஐஎஸ் 456:2000-இன் 16ஏ அட்டவணைப்படி, ஸ்லாப் ஒரு மணி நேரம் தீயைத் தாங்க 20 மி.மீ. கவர் போதும். ஐஎஸ்ஓ 834 சோதனையில் ஒரு மணி நேரத்தில் உலை 945 டிகிரியைத் தொடும், 20 மி.மீ. ஆழத்தில் கான்கிரீட் சுமார் 400 டிகிரி இருக்கும். எஃகு 400-இல் கிட்டத்தட்ட முழு வலிமையோடு நிற்கும், 500-ஐ நெருங்கும்போதுதான் நன்றாகச் சரியும். அந்த 20 மி.மீ. செல்லுபடியாவது அதனால்தான். அதையே ஃபைபர் கம்பிக்குக் கடன் வாங்கினால், அரை மணிக்குள் ரெசின் இளகிப்போயிருக்கும்.

மறுபக்கமும் சொல்லணும். கனடாவில் முழு அளவு ஸ்லாப் சோதனைகளில் ஃபைபர் கம்பி 3 மணி நேரம் தாங்கியிருக்கிறது. காரணத்தைப் பாருங்கள்: கவர் தடிமன், கம்பியின் முனைகள் தீ படாத இடத்தில் இருந்தன. நடுவில் பிடிப்பு போனாலும் குளிர்ந்த முனைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டன. நம் வீடுகளில் கம்பிகளை லேப் போட்டு இணைக்கும் இடம் ஹாலுக்கு மேலேயோ சமையலறைக்கு மேலேயோ வரலாம். அங்கே ஒரு கம்பியிலிருந்து அடுத்ததுக்குப் பளுவைக் கடத்துவது முழுக்கப் பிடிப்புதான். தீயும் அங்கேதான்.

இது வெறும் தியரி இல்லை. 2017 மே 31 அன்று தி.நகர் சென்னை சில்க்ஸில் பிடித்த தீ ஒரு நாளைத் தாண்டி எரிந்தது. மறுநாள் அதிகாலை கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்தது. கட்டடம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது உள்ளே இருப்பவர்களுக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் உயிர்ப் பிரச்சினை.

அமெரிக்காவின் ஏசிஐ 440.1ஆர் வழிகாட்டியும், தீத் தாங்குதிறன் அவசியமான கட்டமைப்புகளுக்கு இதைப் பரிந்துரைக்கவில்லை. இந்தியாவில் ஐஆர்சி:137-2022 சாலைத் திட்டங்களுக்கானது. ஐஎஸ் 18256:2023 கம்பியின் தரத்துக்கானது. "ஐஎஸ் இருக்கு சார்" என்று கடைக்காரர் சொன்னால், அது கம்பிக்குத்தான், உங்கள் கூரைக்கு இல்லை.

என் முடிவு: கல்வெர்ட், சாலை ஸ்லாப், மண்ணுக்கடியில் இருக்கும் சம்ப் என்றால் நல்ல பொருள். அங்கே எதிரி துரு. கூரை ஸ்லாப், குடோன் என்றால், அதே கம்பி, அதே கவர், அதே லேப் வைத்து எடுத்த தீச்சோதனை அறிக்கையைக் கேளுங்கள். அது கிடைக்காதவரை டிஎம்டியே போதும்.