கீழிருந்து மேலே படிக்க வேண்டிய கதை

முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். கதை பிடித்து இழுத்தால், கை கோணிப்போன ஓவியத்தையும் கண் பொறுத்துக்கொள்ளும். உலகம் அழிந்தபின் மிஞ்சியவர்களைப் பற்றிய சித்திரத் தொடர்களில் இது அடிக்கடி நடக்கும். அதே கண்ணோடு கிருஷ்ணகிரி மாவட்டத்து நடுகற்களைப் பாருங்கள். இவையும் மிஞ்சியவர்கள் சொன்ன கதைகள். பகைவர் வந்து மாடுகளை ஓட்டிப் போனார்கள், மீட்கப் போனவன் திரும்பவில்லை, பிழைத்தவர்கள் அவனுக்குக் கல் நட்டார்கள்.

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு ஞாயிறு போதும். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் தொடங்கலாம்.

மூன்று அடுக்காகச் செதுக்கிய கல்லைத் தேடுங்கள். அதைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். அடியில் சண்டை. நடுவில் வானுலகப் பெண்கள் வீரனைத் தாங்கிக்கொண்டு போகிறார்கள். உச்சியில் சிவலிங்கத்தின் அருகே அவன் அமர்ந்திருக்கிறான். சாவுக்கும் மறுமைக்கும் நடுவே ஒரே ஒரு கோடு! இத்தனை பெரிய தாவலை இத்தனை சிக்கனமாகச் சொன்ன கலை நம்மிடம் வேறு இல்லை என்பேன்.

இப்போது கைவேலையைப் பாருங்கள். தலை பெரிது, கால் சிறிது. புலி சில கற்களில் நாயைப் போலிருக்கும். கருங்கல்லில் ஆழமாகக் குடைவது கடினம். உருவங்கள் பெரும்பாலும் தட்டையாகவே எழும். ஒரே கல்லில்கூட வேலை ஒரே சீராக இருக்காது. வாளைப் பிடித்த கை துல்லியமாக இருக்கும், முகம் வெறும் வட்டமாக நிற்கும். அங்கேதான் நிதானிக்க வேண்டும். சிற்பி எதற்கு உழைத்தான், எதை விட்டுவிட்டான்? ஆயுதம், உடலில் தைத்த அம்பு, ஓரத்தில் நிற்கும் மாடு: கதைக்கு வேண்டியவற்றில் அவன் குறை வைப்பது அரிது. வீரன் பக்கத்தில் ஒரு பெண் கையுயர்த்தி நின்றால், அவள் அவனோடு உயிர்விட்ட மனைவியாக இருக்கலாம். அந்தக் கல்லை அவசரமாகக் கடந்துபோக என்னால் முடிவதில்லை.

பல்லவர் காலத்துக் கற்கள் வேறு மாதிரி. தருமபுரி, செங்கம் பக்கம் கிடைத்தவற்றில் பெரும்பாலும் ஒரே காட்சிதான். வில்லும் குறுவாளுமாக ஒருவன், மேலே வட்டெழுத்து. படம் சொல்லாததை எழுத்து சொல்லும். செங்கம் வட்டாரத்து எடுத்தனூர்க் கல்லில் வீரனோடு அவன் நாய்க்கும் இடம் உண்டு. கோவிவன் என்ற அந்த நாய் திருடர்களைக் கடித்ததையும் கல்வெட்டு பதிந்திருக்கிறது. மகேந்திரவர்மன் காலத்தில், ஏழாம் நூற்றாண்டில், ஒரு நாயின் பெயரை மறக்கக் கூடாது என்று ஓர் ஊர் நினைத்திருக்கிறது.

எல்லை தாண்டினால் பெங்களூரு அருங்காட்சியகத்தில் கங்கர் காலத்துப் பேகூர்க் கல் இருக்கிறது. யானையும் குதிரையும் நெருக்கியடிக்கும் பெரும்போர். கைத்திறனில் நம் ஊர்க் கற்கள் பலவற்றை அது விஞ்சும். ஆனால் அந்தக் கூட்டத்தில் மாண்டவனைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. நம் கல்லில் அவன் முதல் பார்வையிலேயே எதிரே நிற்கிறான். எனக்கு நம் கல்லே உயர்வு.

அருங்காட்சியகத்தோடு நிறுத்த வேண்டாம். ஏரிக்கரைகளிலும் வயல் ஓரங்களிலும் நடுகற்கள் இன்னும் நிற்கின்றன. பலவற்றை ஊரார் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். அங்கே போனால் செருப்பைக் கழற்றி, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுவிட்டுக் கிட்டே போங்கள். காலை எட்டு மணிக்குள்ளோ மாலை ஐந்துக்குப் பிறகோ போனால் சாய்வெயிலில் தட்டையான கோடுகளும் எழுந்து தெரியும். நண்பகலில் ஒன்றும் தெரியாது. எழுத்து தெரியவில்லை என்று சுண்ணாம்போ மாவோ தேய்க்காதீர்கள், கல் கெடும். கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தாலே போதும்.