கூடைக்கு யார் பணம் கொடுப்பது?

விடியுமுன் கண்டிச் சந்தைக்கு வரும் லொறியில் அடிச் சாக்கை அவிழ்த்துப் பார்த்தால் இழப்பு என்றால் என்னவென்று விளங்கும். மேலே ஏறிய சாக்குகளின் பாரத்தில் போஞ்சி நசிந்திருக்கும். உள்ளே கைவிட்டால் வெப்பம் அடிக்கும். நுனி முறிந்த காய்கள் ஈரம் கசிந்து கறுக்கத் தொடங்கியிருக்கும். இலங்கையில் மரக்கறியும் பழமும் 30 முதல் 40 சதவீதம் வரை இப்படிப் பாழாவதாகப் பல ஆண்டுகளாகச் சொல்லப்படுகிறது.

இதைத் தடுக்க உலக நாடுகள் கைகோத்ததும் புதிதல்ல. வளர்முக நாடுகளில் அறுவடைக்குப் பிந்திய இழப்பை 1985க்குள் குறைந்தது பாதியாக்க வேண்டும் என்று 1975இலேயே ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தீர்மானித்தது. 2015இல் வகுக்கப்பட்ட நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளோ, கடையிலும் வீட்டிலும் வீணாகும் உணவை மட்டுமே 2030க்குள் பாதியாக்கச் சொல்கின்றன. அறுவடைக்குப் பிந்திய இழப்பைக் குறைக்க வேண்டும் என்கின்றன. எவ்வளவு என்று சொல்லவில்லை. விவசாயியைப் பொறுத்தவரை இது பின்னடைவுதான்.

ஆய்வுக்கூட ஒத்துழைப்பின் பயனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கனடாவின் நிதியில் குவெல்ஃப் பல்கலைக்கழகமும் கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கொழும்பு கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனமும் சேர்ந்து, தாவரங்களிலேயே இருக்கும் ஹெக்சனல் என்ற சேர்மத்தால் மாம்பழத்தின் ஆயுளை நீட்டிக் காட்டின. பழத்தின் கலச் சவ்வு சிதைவதை அது தாமதப்படுத்துகிறது. ஒரே வகை வெயிலையும் பழத்தையும் அறிந்த இரு அயல்நாடுகள் சேர்ந்து உழைத்தது இதன் பெரும் பலம்.

ஆனால் கண்டியைச் சுற்றியுள்ள வீட்டுத்தோட்டத்துக்கு அந்தச் சேர்மத்தைத் தெளிமருந்தாகக் கொண்டுவந்து பாருங்கள். ஒரு பலா, இரண்டு ஆனைக்கொய்யா, ஒரு மா, அவற்றில் படரும் மிளகு, ஓரத்தில் கராம்பு. உயர்ந்த ஒற்றை மரத்துக்கு மருந்து தெளிக்க யார் ஏறுவார்? பருவத்தில் அடியில் விழுந்து அழுகும் பலாவை எடுத்துப்போக எந்த லொறி வரும்? பழத்தோட்டத்தை மனதில் வைத்துச் செய்த தீர்வு, கலப்புத் தோட்டத்தில் தடுமாறுகிறது.

பிளாஸ்டிக் கூடையின் கதை இதைவிடக் கசப்பானது. கூடை நசிவைத் தடுக்கும் என்பதில் பேராதனை ஆய்வாளருக்கும் மரக்கறி வியாபாரிக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இருந்தும் 2011 டிசம்பரில் அரசு அதைக் கட்டாயமாக்கியபோது தம்புள்ளையில் எதிர்ப்பு வெடித்தது. விதியைத் தளர்த்த வேண்டியதாயிற்று. விவசாயிக்கு விளக்கமில்லை என்று சொல்லி இதைக் கடந்துபோவது அநியாயம். அவர் கணக்கைப் பாருங்கள். கூடையில் அடுக்கினால் அதே லொறியில் குறைவாகவே ஏறும்; வாடகை குறையாது. வெறுங்கூடை திரும்பி வரவும் செலவு. இடைத்தரகரோடு போன கூடை திரும்புமா என்பதும் நிச்சயமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கழிவு என்று சொல்லி 100 கிலோவுக்கு இத்தனை கிலோ என வியாபாரி வெட்டும் வழக்கம் இருக்கும்வரை, நசியாத காய்க்கும் அதே வெட்டுத்தான். மிச்சப்பட்ட கிலோவின் இலாபம் சந்தையில் தங்கிவிடுகிறது. கூடையின் செலவு மட்டும் தோட்டத்துக்கு ஏறி வருகிறது.

இந்திய உதவியில் 5000 தொன் கொள்ளளவோடு தம்புள்ளையில் எழுந்த வெப்பக் கட்டுப்பாட்டுக் களஞ்சியம் 2025 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. நாட்டுக்கு அது தேவை. பெரிய வெங்காயம் ஒரே நேரத்தில் குவிந்து விலை விழும் மாத்தளை மாவட்டத்தில் அது பொருத்தமான இடமும்கூட. ஆனால் கண்டி மாவட்டத்து மாரஸ்ஸனையில் காலையில் பறித்த தக்காளி வெயிலில் லொறிக்குக் காத்திருக்கும் அந்த முதல் சில மணி நேரத்தை அது தொடாது. அறுவடையைத் தேக்கிவைத்து விற்கும் வசதி சிறு விவசாயிக்குக் கிடைக்காவிட்டால், களஞ்சியம் மொத்த வியாபாரியின் பேரம்பேசும் பலத்தையே கூட்டும்.

உதவித் திட்டங்களின் அடிப்படைக் குறை இதுதான்: காப்பாற்றிய கிலோவை எண்ணுகிறார்கள்; விவசாயி கையில் சேர்ந்த ரூபாவை எண்ணுவதில்லை. அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அதிகாரிகளிடம் கேட்பது இரண்டே: கிராமத்துக்குள் நிழலும் தராசும் உள்ள சேகரிப்பு நிலையமும், விவசாயிகள் சங்கத்துக்கே சொந்தமான கூடைகளும் முதல் செலவாக எழுதப்படட்டும். நசியாமல் வந்த காய்க்கு எடைக்கழிவு இல்லை என்ற விதியும் அதே தாளில் இருக்கட்டும்.