பங்குனியில் ஒரே பட்டி, ஐப்பசியில் வேறு

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் செம்மறியும் வெள்ளாடும் ஒரே மந்தையாக மேய்ந்து ஒரே பட்டியில் அடைவது வெகுகாலப் பழக்கம். வேம்பூர்ப் பொட்டு ஆடும் கன்னி ஆடும் இந்த மண்ணின் சொந்த இனங்கள். இரண்டும் ஒரே வீட்டுத் தொழுவில் நிற்பது இங்கே சாதாரணம். கொட்டகை போட்டு வளர்ப்பவர்களில் பலரோ இரண்டையும் வருஷம் முழுக்கப் பிரித்தே அடைக்க வேண்டும் என்கிறார்கள். இரு தரப்புமே மாதத்தைக் கணக்கில் எடுக்காமல் பேசுவதாகத்தான் எனக்குப் படுகிறது. கோடையில் நன்மை தரும் ஏற்பாடே அடைமழையில் ஆட்டைக் கொல்கிறது.

மாசியில் பருத்தியும் உளுந்தும் வீடு வந்து சேர்ந்தபின் காடு திறந்து கிடக்கும். செம்மறி தலையைக் கவிழ்த்து அறுத்த காட்டின் புல்லையும் சருகையும் மேயும். வெள்ளாடு பின்னங்காலில் எழுந்து, முன்னங்காலை உடைமரத்தில் ஊன்றி, எட்டிய மட்டும் இலையும் நெற்றும் பறிக்கும். ஒன்றின் தீனியில் மற்றது அதிகம் வாய் வைப்பதில்லை. மேய்க்க ஒரே ஆள் போதும். ராத்திரி கிடை போட்டால் புழுக்கையும் மூத்திரமும் அள்ளுகூலி இல்லாமல் நேரே நிலத்தில் சேரும். இவை எல்லோரும் சொல்லும் நன்மைகள். அதிகம் பேசப்படாத ஒன்றும் உண்டு. புழுக்கையோடு விழும் வயிற்றுப்புழு முட்டை பொரித்துக் குஞ்சுப் புழுவாகி, புல் வழியே இன்னொரு ஆட்டுக்குள் போக ஈரம் வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கும் கரிசலில் அந்த ஈரம் இல்லை. சேர்ந்து அடைவதில் உள்ள ஆபத்தை அப்போது வெயிலே பெருமளவு தீர்த்துவிடுகிறது.

இங்கே மழையின் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. ஐப்பசியில் கரிசல் களியாகிக் குளம்பில் அப்பும். காடெல்லாம் விதைப்பாகிவிட, மந்தை புறம்போக்குத் துண்டுகளில் ஒண்டும்; மரத்தில் மேய்ந்த வெள்ளாடும் செம்மறியோடு ஈரப்புல்லைக் கடிக்கும். ரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழு இரண்டுக்கும் பொதுவானது, ஆனால் அதைத் தாங்கும் சக்தி வெள்ளாட்டுக்குக் குறைவு. குடற்புழு மருந்துகள் பலவற்றை அதன் உடம்பு செம்மறியைவிடச் சீக்கிரம் கழித்துவிடுவதால் அளவும் கூடுதலாக வேண்டும். ஒரே பட்டியில் நிற்கும் மந்தைக்கு ஒரே அளவாக ஊற்றிவிட்டுப் போவதுதான் நடைமுறை. அரைகுறை மருந்தில் பிழைத்த புழு, மருந்துக்குப் பழகிய புழுவாகி அதே தரையில் விழுகிறது. கீழிமையை இழுத்துப் பார்த்தால் உள்தோல் வெளிறியிருக்கும். தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கும். அந்த நிலைக்கு வந்தபின் பல ஆடுகள் தேறுவதில்லை. தொட்டியிலும் இதே கதைதான்: வெள்ளாட்டுக்கு வேண்டிய அளவு தாமிரம் கலந்த தாது உப்பு, தொடர்ந்து தின்னும் செம்மறிக்கு விஷமாகலாம்.

அப்படியானால் பிரித்துவிட்டால் நோய் நின்றுவிடுமா? நிற்காது. மழைக்காலத்தில் செம்மறியை வாட்டும் நீலநாக்கு நோயைப் பரப்புவது கொசுவைவிடச் சின்னப் பூச்சி. தட்டியும் வலையும் அதைத் தடுக்காது. வெள்ளாடு பெரும்பாலும் அறிகுறி காட்டாமலே அந்தக் கிருமியைச் சுமக்கும். 1987இல் விழுப்புரம் பக்கத்து அரசூரில் இந்தியாவிலேயே முதலில் கண்டறியப்பட்ட ஆட்டுக்கொல்லி நோயும் இரண்டு இனத்தையும் தாக்குவது. இவற்றுக்குத் தடுப்பூசிதான் வேலி. அதைச் செம்மறிக்கு மட்டும் போட்டு வெள்ளாட்டை விட்டுவிடுவது வேலியில் பாதியைத் திறந்து வைப்பதாகும்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. கிடை பெரும்பாலும் பல பேருடைய ஆடுகள் சேர்ந்தது. ஒரு கீதாரி இரண்டு பட்டிக்கு எப்படிக் காவல் இருப்பார்? நியாயமான கேள்விதான். ஆனால் யாரும் மந்தையையே இரண்டாக்கச் சொல்லவில்லை. குட்டிகளைக் கூடாப்பில் தனியே அடைக்கும் வழக்கம் கிடையில் ஏற்கெனவே இருக்கிறது. அதே கையால் பட்டிக்கு நடுவே ஒரு வலையை இழுத்துக் கட்டினால் போதும், காவல் ஒன்றேதான். மேட்டுப் பக்கம் வெள்ளாட்டுக்கு, தொட்டி தனித்தனி, மருந்து அந்தந்த இனத்தின் எடைக்கு. மேய்ச்சலில் மட்டும் பனி காய்ந்தபின் ஒன்றாகவே ஓட்டிப் போகலாம். தையில் மழை விட்டுத் தரை வெடிக்கத் தொடங்கியதும் வலையைச் சுருட்டிவிடலாம். தடுப்பூசியையும் தனி மருந்தளவையும் மட்டும் எந்த மாதத்திலும் கைவிடக் கூடாது.