பொப் இசையும் பனைமரமும்

ஈழத்துத் தமிழ்ப் பொப் இசையைப் பற்றி இலக்கிய ஏடொன்றில் எழுதப் புகுவது தமிழாசிரியனொருவனுக்குச் சற்றே கூச்சந்தரும் காரியமாகும். அதுவும், பிரபந்தங்கள் பல பாடிய சிவசம்புப் புலவர் பிறந்த உடுப்பிட்டியில் இருந்துகொண்டு எழுதுவதென்றால் கேட்கவேண்டியதில்லை. 'கள்ளுக்கடைப் பாட்டுக்கும் ஒரு விமர்சனமா?' என்று நண்பரொருவர் சிரித்தார். பரந்துபட்ட மக்கள் வாய்விட்டுப் பாடி மகிழ்ந்த பாட்டுகளை, மக்கள் இலக்கியம் பேசிய நாமே ஆராய்ச்சிக்கு உரியனவாக எண்ணாது விட்டோம் என்பது சிரித்துவிட்டுப் போகக்கூடிய விடயமன்று.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறோம். அவ்விசை கொடிகட்டிப் பறந்த 1970களில் நாம் பிறந்திருக்கவில்லை. நாம் பிறந்தது 1980களின் பிற்பகுதியில். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரியோ தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுற்றி, தைனமோ தரும் மின்னைக்கொண்டு கஸற் கேட்ட வீடு எம்முடையது. சுற்றுவது சிறுவர் வேலை. கை சோர்ந்தால் பாடகரின் குரல் கிழக்குரலாகி இழுபடும். 'சுத்தடா' என்று திண்ணையிலிருந்து அதட்டல் வரும். வெகுண்டு வேகமாய்ச் சுற்றினாலோ அதே பாடகர் சிறுபிள்ளையாகிக் கீச்சிடுவார். நித்தி கனகரத்தினத்தின் மெய்யான குரல் இன்னதென்பதை நாம் அறிந்தது பல ஆண்டுகள் கழித்தேயாகும். தந்தையாரிடம் இருந்த கஸற் ஒன்றில் ஒருபுறம் சினிமாப் பாட்டு, மறுபுறம் பொப் பாட்டு. மறுபுறம் ஒலிக்கும் மாலைகளில் அயலார் முற்றத்தில் வந்து குந்துவர். சினிமாப் பாட்டை அவர்கள் கேட்டனர்; பொப் பாட்டைக் கேட்கவில்லை, உடன் பாடினர். இவ்வேறுபாடு அந்நாளிலேயே எம் மனத்தில் தைத்திருக்கிறது.

1960களின் பிற்பகுதியில், அம்பாறையில் தொழில்நுட்பக் கல்வி பயின்ற நித்தி கனகரத்தினம் கிற்றாருடன் பாடிய 'சின்ன மாமியே' என்ற பாட்டே இவ்வகை இசைக்கு வழிதிறந்தது எனக் கூறுவர். அவரைத் தொடர்ந்தும் உடனின்றும் ஏ. ஈ. மனோகரன், திருகோணமலை எம். பி. பரமேஷ், எஸ். இராமச்சந்திரன், அமுதன் அண்ணாமலை எனப் பலர் பாடினர். ஒரு கிற்றார், ஒரு சோடிப் பொங்கோ, கைதட்ட நாலு தோழர் இருந்தாற் போதும், கச்சேரி நடந்துவிடும். வித்துவானுக்கு வேண்டிய இருபதாண்டுப் பயிற்சியோ, சினிமா இசைக்கு வேண்டிய பெருமுதலோ இதற்கு வேண்டியதில்லை.

இசை வானத்திலிருந்து குதிப்பதில்லை. 1970இல் ஆட்சியேறிய ஐக்கிய முன்னணி அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. மிளகாயும் வெங்காயமும் பிறநாட்டிலிருந்து வாராதொழிந்தமையால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் கையிற் காசு புரண்டது. தமிழகத்துச் சஞ்சிகைகளின் வரவும் கட்டுப்பட்டது. சென்னையிலிருந்து வந்திறங்குவதே கலை எனப் பழகியிருந்த நடுத்தர வர்க்கம், உள்ளூர்ச் சரக்கை முதன்முறையாக ஏறெடுத்துப் பார்த்தது. கலியாண வீட்டிலும் களியாட்ட விழாவிலும் பொப் குழுவுக்கு இடங்கிடைத்ததில் வெங்காயத்தின் பங்கும் உண்டு என்று நாம் சொன்னால் கலாரசிகர்கள் சினக்கக்கூடும். சினந்தாலும் அது உண்மையே.

இனி மொழிக்கு வருவோம். எம்மைப் பொறுத்தவரை இவ்விசையின் முதற் பெருமை அதன் மொழியே. யாழ்ப்பாணத்துப் பேச்சுத்தமிழைச் சிறுகதையில் எழுதியமைக்காக, 1960களின் தொடக்கத்தில் முற்போக்கு எழுத்தாளர்கள் 'இழிசனர் வழக்கு' என்ற வசையை ஏற்க நேர்ந்ததை வாசகர் அறிவர். 'மரபுப் போராட்டம்' எனப் பெயர்பெற்ற அவ்வழக்கில் க. கைலாசபதியும், எம் அயலூரான கரவெட்டியிற் பிறந்த கா. சிவத்தம்பியும் மக்கள் மொழியின் பக்கம் நின்று வாதிட்டனர். வென்றனர் என்றே சொல்லலாம். ஆயின் வென்றது உரைநடையில் மட்டுமே. இசையில் அம்மொழிக்கு அப்பொழுதும் வாயில் அடைபட்டே கிடந்தது. கோயில் மண்டபத்தில் தெலுங்குக் கீர்த்தனை. வானொலியில் தமிழகத்துச் சினிமாப் பாட்டு. உள்ளூர் மெல்லிசையோ நிலவையும் தென்றலையும் இலக்கணச் சுத்தமாக விளித்துக்கொண்டிருந்தது. அவ்வேளையில் மாமியும் மருமகனும் படலையடியிற் பேசும் பேச்சை ஓர் இளைஞன் மெட்டிலேற்றிப் பாடினான். கேட்டவர்கள் சிரித்தார்கள். தம் வீட்டுப் பேச்சை மேடையிற் கேட்ட இன்பச் சிரிப்பு அது. நாம் கோரியது வந்துவிட்டது. வந்ததை நாம் அடையாளங் காணவில்லை. கிற்றாரோடு வந்தமையாற்போலும்! மேனாட்டுச் சீரழிவு என்று முகஞ்சுளித்தோர் நம்முள்ளும் இருந்தனர்.

அக்கிற்றார் வந்த வழியைச் சற்று ஆராய்ந்திருந்தால் முகஞ்சுளிக்க நேர்ந்திராது. பொப் பாட்டின் துள்ளல் பைலாவின் துள்ளல். பைலா, போர்த்துக்கேயரோடும் அவர்கள் அடிமைகளாகக் கொணர்ந்த ஆபிரிக்கரோடும் இத்தீவிற் கரையேறிய இசை. மட்டக்களப்புப் பறங்கியரும் புத்தளத்துக் காப்பிரியரும் அதனைப் பேணினர். தெற்கில் பொலிஸ் உத்தியோகத்தராயிருந்த வொலி பஸ்தியான்ஸ் அதனைச் சிங்களக் குழுப்பாட்டாக வளர்த்தார். ஆண்டவனின் இசையன்று, அடிமையும் மீனவனும் கைவினைஞனும் ஆடிய இசை. 1956இன் தனிச்சிங்களச் சட்டமும் 1972இன் அரசியலமைப்பும் இரு மொழியாரைப் பிரித்து நிறுத்திய காலத்தில், மனோகரன் 'சுராங்கனி'யைச் சிங்களத்திலும் தமிழிலும் பாடினார். மீன் கொண்டுவந்த செய்தியைச் சொல்லும் அப்பாட்டுக்குக் காலியிலும் யாழ்ப்பாணத்திலும் ஒரே தாளத்திற் கால்கள் ஆடின. இதை இன ஒற்றுமையின் சான்றென்று பெரிதுபடுத்த நாம் முனையவில்லை. 1977இலும் 1983இலும் வீடுகளைக் கொளுத்தியோருள்ளும் அத்தாளத்துக்கு ஆடியோர் இருந்திருப்பர். அதே 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்ற தமிழகப் படத்தில், இளையராஜாவின் இசையில், மலேசியா வாசுதேவன் குரலில் சுராங்கனி கடல் கடந்து எம்மிடமே திரும்பிவந்தாள். இன்றும் எம் மாணவர் பலர் அதனைச் சினிமாப் பாட்டென்றே நம்புகின்றனர். மனோகரனும் தமிழகத்திற் குடியேறிச் சினிமாவிற் சிறுசிறு வேடங்கள் ஏற்று, 2018 சனவரியிற் சென்னையிற் காலமானார். நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவிற் குடியேறினார். பாடியோரும் கேட்டோரும் சிதறிப்போயினர்.

பெருமை பேசியாயிற்று. குறையையும் பேசவேண்டும்; அதைப் பேசாத விமர்சனம் பாராட்டு மடலாகும்.

'சின்ன மாமியே' பாட்டில் ஒரு பெண்ணைப் பற்றி இருவர் பேசுகின்றனர். அவளோ பள்ளிக்குப் படிக்கப் போயிருக்கிறாள். அவளைப் பற்றியே பாட்டு. அவள் குரல் பாட்டில் இல்லை. பல்கலைக்கழகப் புகுமுகத்தில் தரப்படுத்தல் நுழைந்து, படித்த பிள்ளைகள் வாயில்தோறும் நின்று திரும்பிய அதே ஆண்டுகளில், பள்ளிக்குப் போனவளுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பொப் இசை கேட்கவேயில்லை. துள்ளல் இசையில் அதையெல்லாம் எதிர்பார்க்கலாமா என்பர் சிலர். ஏன் கூடாது? பஞ்சத்தையும் விலைவாசியையும் எள்ளி நகையாடும் பாட்டு எந்த நாட்டு மக்களிடமும் இருக்கிறது.

இதனினும் ஆழமான குறை கள்ளுக்கடைப் பாட்டில் உளது. குடிகாரனைப் பார்த்துத் தவறணைப் பக்கம் போகாதே என்று கெஞ்சும் பாட்டு அது. அதன் நோக்கம் நன்று. குடியாற் சீரழிந்த குடும்பத்தின் கண்ணீர் மெய்யானது. ஆனால் அப்பாட்டில் கள்ளுண்டு, கடையுண்டு, குடிகாரனுண்டு, பனைமரம் இல்லை. மரத்தில் ஏறுகிறவன் இல்லை. விடிய எழுந்து, தளைநாரைக் காலிற் பூட்டி, முட்டியும் பாளைக்கத்தியும் இடுப்பிற் கட்டி ஏறி இறங்கும் சீவல் தொழிலாளி, அப்பானத்தை அருந்துகிறவனின் வீட்டுப் படலைக்குள் கால்வைக்க முடியாதவனாய் இருந்தான். 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரத்து ஆலயப் பிரவேசப் போராட்டமும் நடந்த காலத்தின் பாட்டு இது. கே. டானியலின் 'பஞ்சமர்' நாவல் வெளிவந்தது 1972இல். தொழிலாளர் தாமே கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துக் கள் விற்பனையைக் குத்தகைக்காரரிடமிருந்து கைக்கொண்டதும் அப்பத்தாண்டிலேயே. இத்தனையும் குடாநாட்டை உலுக்கிக்கொண்டிருக்க, மேடையிலே கிற்றார் கடைவாசலோடு நின்றுவிட்டது.

இதை நாம் நூலகத்தில் அமர்ந்து கண்டுபிடிக்கவில்லை. சொல்ல வெட்கமாயிருக்கிறது, ஆயினும் சொல்லியாகவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் கற்பித்த பாடசாலையொன்றில் போதைப்பொருள் எதிர்ப்பு நிகழ்ச்சியொன்று ஏற்பாடாயிற்று. கள்ளுக்கடைப் பாட்டை நடித்துப் பாடலாம் என்று முன்மொழிந்தவர் நாமே. தரம் பத்துப் பிள்ளைகள் உற்சாகத்தோடு வேடங்களைத் தமக்குள் பகிர்ந்துகொண்டனர். பாட்டில் இல்லாத ஒரு வேடத்தையும் சேர்த்திருந்தனர்: கள்ளிறக்குகிறவன். இடுப்பில் முட்டியைக் கட்டிக்கொண்டு தள்ளாடிவந்து சபையைச் சிரிக்கவைக்க வேண்டும். அவ்வேடத்தை ஒரு மாணவனுக்குக் கொடுத்திருந்தனர். ஒத்திகையில் எல்லாரும் சிரித்தனர். நாமும் சிரித்தோம். மூன்றாம் நாள் அவன் பாடசாலை விட்டபின் வந்து, மேசையோரம் நின்றான்.

'சேர், எனக்கு வேறை வேசம் தாங்கோ.'

ஏனடா, நன்றாகத்தானே செய்கிறாய் என்றோம். சற்று நேரம் பேசாதிருந்தான்.

'அப்பா பாக்க வருவார், சேர்.'

அவனுடைய தந்தையார் என்ன தொழில் செய்பவர் என்பது எமக்குத் தெரியாது. வகுப்பிலிருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. அந்த வேடம் அவனுக்கு ஏன் போயிற்று என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று. சாதியைப் பற்றி மேடைதோறும் முழங்கும் நாம், எம் வகுப்பறையிலேயே சாதி வேடம் பங்கிட்டதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறோம். பிள்ளைகளைக் குறைசொல்ல மனம் வரவில்லை. பாட்டு விட்ட வெற்றிடத்தை, அவர்கள் வீட்டிற் கேட்டறிந்ததைக் கொண்டு நிரப்பினார்கள், அவ்வளவே. அந்த வெற்றிடம் இருக்கிறதென்று அவர்களுக்குச் சொல்லியிருக்கவேண்டியவர் நாம்.

ஆகவேதான் நண்பரின் சிரிப்பை நாம் ஏற்கவில்லை. இத்தகைய பாட்டுகளை விமர்சிக்காது ஒதுக்கிவிட்டால் அவை அழிந்துபோவதில்லை; விமர்சனமின்றியே வாழ்கின்றன. வெளியூர்க் கலியாண மண்டபத்திலும், ரொறன்ரோவின் ஆண்டுவிழாவிலும், எம்மூர்ப் பள்ளி மேடையிலும் அவை இன்றும் ஒலிக்கின்றன. நாவலுக்கும் சிறுகதைக்கும் வர்க்கமும் சாதியும் தேடிய நம் விமர்சனம், அவற்றைப் படிக்காத பெருந்தொகையினர் பாடிய பாட்டை வெறும் பொழுதுபோக்கென்று விட்டுவிட்டது. சிவத்தம்பி அவர்கள் தமிழ்ச் சினிமாவை ஆராய்ச்சிக்குரிய பொருளாக மதித்து எழுதினார்கள். அவ்வழியே பொப் இசைக்கும் ஒருவர் வந்திருக்கலாம்.

அடுத்த நாள் வகுப்பில் அப்பாட்டை எடுத்து, இதில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பட்டியலிடச் சொன்னோம். கரும்பலகையில் முதலில் வந்தவை குடிகாரன், மனைவி, பிள்ளை, முதலாளி. வெகுநேரம் கழித்து ஒரு மாணவி 'மரம்' என்றாள். அதன்பின் வகுப்பு அமைதியாயிற்று. அவன் கையை உயர்த்தவில்லை. நாமும் அவனைக் கேட்கவில்லை.

நிகழ்ச்சியன்று அந்த வேடம் இருக்கவில்லை. பொங்கோவுக்கு வழியில்லாமையால் அவன் மேசையொன்றைக் கவிழ்த்து வைத்துத் தாளம் தட்டினான், நன்றாகவே தட்டினான். தந்தையார் வந்திருந்தார். கதிரைகள் வெறுமையாய்க் கிடக்கவும் வாசற்பக்கத்து வேம்பின் கீழேயே நின்று பார்த்தார். நாம் போய் உள்ளே வந்து இருக்கும்படி அழைத்தோம். 'இல்லைச் சேர், இஞ்சை நிண்டாலும் கேக்குது' என்றார்.