சுவரும் சித்திரமும்: மர அச்சுக்கலையில் ஜப்பானியத் தாள்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது தமிழர் நாவில் நெடுநாளாக வழங்கும் பழமொழி. உடலைப் பேணாதவனுக்குக் கூறும் அறிவுரையாகவே அஃது இன்று பயன்பட்டு வருகிறது. ஆயினும், அதன் நேர்ப்பொருளும் மறக்கத்தக்கதன்று. சித்திரத்தைப் புகழ்வோர் பலர். அதனைத் தாங்கும் சுவரை நோக்குவோர் சிலர். ஓவியத் திறனாய்வில் இக்குறை மிகுதி. கோட்டின் நயமும் வண்ணத்தின் பொலிவும் பேசப்படுகின்றன. அவை எதன்மேல் நிற்கின்றன என்னும் வினா எழுவதே இல்லை.

மரக்கட்டையை உளியால் செதுக்கி, மையிட்டு, தாளில் ஒற்றி எடுக்கும் அச்சுக்கலையில் இக்குறை பெரும்பிழையாகிவிடும். அங்கே தாள்தான் சுவர். எண்ணெய் வண்ண ஓவியத்தில் துணி, வண்ணத்தின் அடியில் மறைந்து கிடக்கும். கையால் ஒற்றும் மர அச்சிலோ மை தாளின் நாருக்குள் புகுந்து அதனோடு ஒன்றாகிவிடுகிறது. ஆகவே, தாளைத் தேர்வது கடைக்குப் போய்வரும் சிறுவேலையன்று. கலைஞனின் படைப்பு அங்கேயே தொடங்கிவிடுகிறது. எது சிறந்த தாள் என்று கேட்பதைவிட, எந்தப் படத்திற்கு எது தக்க தாள் என்று கேட்பதே முறை. தமிழ்ப்பள்ளிகளின் கலைப் பாடத்தில் அச்செடுத்தலும் ஒரு பகுதியாதலின், கெடா மாநிலத்து ஆசிரியர்க்கு இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று.

ஏடு தேர்ந்த மரபு

எழுதுபொருளைத் தேர்வதில் தமிழர் அறியாமை உடையவர் அல்லர். பனையோலை இளையதாயின் துவளும், முற்றியதாயின் வெடிக்கும். பதமான ஓலையைத் தேர்ந்து, வேகவைத்து, நிழலில் உலர்த்தி, மெருகிட்ட பின்னரே எழுத்தாணி அதன்மேல் ஓடியது. ஓலையின் இயல்பை அறிந்த கையே ஏட்டில் எழுதும் தகுதி பெற்றது.

தாள் வந்த பின்னரும் அதன் ஆட்சி தொடர்ந்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சகம் நிறுவியபோது, ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. அவை மிகப் பெரியனவாக இருந்து தாளை விழுங்கின. தாளோ கடல் கடந்து வரும் அரும்பொருள். எனவே சிறிய எழுத்துகள் அங்கேயே வார்க்கப்பட்டன. 1715இல் வெளிவந்த புதிய ஏற்பாடு அவ்வாறு உருப்பெற்றது. தமிழ் எழுத்தின் அச்சு வடிவு சிறுத்தமைக்குத் தாளின் தட்டுப்பாடும் ஒரு காரணம் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

தமிழர்க்கு மர அச்சு புதிதும் அன்று. பெரிய எழுத்துக் கதைநூல்களில் இடையிடையே வரும் படங்கள் கட்டையில் வெட்டப்பட்டவை. நல்லதங்காள் கதையும் அல்லி அரசாணி மாலையும் தோட்டத்து லயங்களில் ஒருவர் படிக்கப் பலர் கேட்டவை. அப்படங்களின் கோடுகளில் துணிவும் எளிமையும் உண்டு. ஆனால் அவை எழுத்தச்சோடு சேர்த்து எந்திரத்தில் அழுத்தப்பட்டன. மலிவான மரக்கூழ்த் தாளில் நின்ற அவை, மை திட்டுத்திட்டாய்ப் படிந்து, நுண்கோடு அடைபட்டு, சில்லாண்டுகளில் தாளோடு பழுத்து நொறுங்கின. வெட்டியவர் கைத்திறனைக் குறை கூறுவோர், அத்திறன் எவ்வகைச் சுவரில் எழுதப்பட்டது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அந்த நூல்களுக்கு மலிவு ஒரு தேவை. அதனைப் பழித்தல் தகாது. எனினும், கலைக்கு நேர்ந்த இழப்பை மறைத்தலும் தகாது.

நாரும் நீரும்

ஜப்பானியக் கைத்தாளின் சிறப்பு அதன் நாரிலே தொடங்குகிறது. கோசோ, மித்சுமாத்தா, கம்பி என்னும் மூவகைச் செடிகளின் உட்பட்டையே அதற்கு மூலம். கோசோ என்பது காகித மல்பெரி இனம். அதன் நார் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் நீளம் உடையது. கடின மரக்கூழின் நாரோ ஒரு மில்லிமீட்டர் அளவினதே. மித்சுமாத்தாவும் கம்பியும் குறுநார் உடையன. அவற்றின் தாள் வழவழப்பும் மெல்லிய ஒளியும் கொண்டது.

பட்டையைக் காரநீரில் வேகவைத்து, கசடு களைந்து, அடித்துப் பிரித்து, நீரில் கலக்குவர். அந்நீரில் தோரோரோ-அவோய் என்னும் செடியின் வேரிலிருந்து எடுத்த கொழகொழப்பான சாற்றைச் சேர்ப்பர். இச்செடி வெண்டைக்கு உறவானது. வெண்டைக்காயை நறுக்கிய கை இச்சாற்றின் தன்மையை எளிதில் அறியும். அச்சாறு நார்களை ஒன்றோடொன்று திரளவிடாமல் மிதக்கச் செய்கிறது. மூங்கில் இழைத்தட்டில் பலமுறை முகந்து அலசும்போது, நார்கள் மெல்லிய அடுக்குகளாகப் பின்னிக்கொள்கின்றன. வெப்பத்தில் அச்சாறு நீர்த்துப்போகும். ஆதலின் குளிர்காலமே நல்ல தாள் பிறக்கும் காலம்.

இவ்வாறு பிறந்த தாள் மெல்லியதாயினும் நனைந்தபோதும் கிழியாது. கல்வெட்டுப் படியெடுப்போர் இப்பண்பின் அருமையை அறிவர். நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டி எழுத்துக் குழிகளுக்குள் இறக்கி, மைப்பொதியால் ஒற்றுவது அவர் முறை. தட்டும்போது கிழிந்துவிடும் தாளால் எந்தச் சாசனமும் படிக்கப்பட்டிராது. மர அச்சுக்கும் வேண்டுவது அதே உறுதியே.

ஒரு தடை

ஜப்பானியர் கைவண்ணத்தைக் கெடாவில் புகழ்வதற்குத் தடை ஒன்று உண்டு. 1941 முதல் 1945 வரை நிகழ்ந்த ஆட்சியையும், சயாம் இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாத தமிழரையும் தோட்டத்துக் குடும்பங்கள் மறக்கவில்லை. அந்நாளில் ஜப்பானியர் தந்த தாள் என்றால் அது வாழைமரம் பொறித்த நோட்டு. போகப்போக வரிசை எண்ணும் இன்றி, தரங்குன்றிய தாளில் அச்சாகிக் குவிந்த அந்நோட்டு, 1945இல் செல்லாக் காசாயிற்று. உழைத்தவர் கையில் எஞ்சியது வெறுந்தாளே.

இந்நினைவை ஒதுக்கிவைத்துக் கலை பேசுதல் நேர்மையாகாது. ஆனால் பனிநீரில் கைவிறைக்கத் தாள் அலசிய சிற்றூர் உழைப்பாளியும், நோட்டை அடித்துக் குவித்த படையாட்சியும் ஒன்றல்லர். ஒருவர் பிழைக்காக மற்றவர் தொழிலைப் பயிலாது விடின் இழப்பு பயில்வோர்க்கே.

இரு கலைஞர், இரு தாள்

தாளின் தேர்வு படத்தை எவ்வாறு ஆள்கிறது என்பதற்கு இரு சான்றுகள் போதும்.

முதலாவது, ஹிரோஷிகே 1857இல் வெளியிட்ட, ஷின்-ஓஹாஷிப் பாலத்தின்மேல் திடீர் மழை பெய்யும் காட்சி. மயிரிழை போன்ற மழைக்கோடுகள் சற்றே வேறுபட்ட இரு சாய்வுகளில் இறங்குகின்றன. மேலே கருமேகம், அதற்குக் கட்டையில் வெட்டிய எல்லை இல்லை. அச்சிடுபவர் ஈரக் கட்டையின்மேல் மையைக் கையால் கரைத்து மங்கச் செய்த சாயல் அது. ஒரே தாள் ஈரத்தோடு பல கட்டைகளின்மேல் மாறிமாறி வைக்கப்பட்டு, பாரென் என்னும் தேய்ப்பு வில்லையால் அழுத்தப்படுகிறது. தாள் சிறிது நீண்டாலும் பாலம் ஓரிடத்திலும் அதன் நிழல் வேறிடத்திலும் விழுந்துவிடும். எனவே இதற்குத் தடிப்பும் மென்மையும் உள்ள கோசோத் தாள் வேண்டும். வச்சிரமும் படிக்காரமும் கலந்த நீரை அதன்மேல் பூசி, மை ஊறாமல் காப்பர். எச்சிசென் வட்டாரத்து ஹோஷோத் தாள் இப்பணிக்குப் பேர்போனது.

இதே படத்தை வான்கோ 1887இல் துணியின்மேல் எண்ணெய் வண்ணத்தால் படியெடுத்தார். அவர் கை மாபெரும் கலைஞனின் கையே. ஆயினும் அவர் படத்தில் மழை வண்ணத்தின்மேல் இழுத்த கோடாக நிற்கிறது. மூலத்திலோ மழை தாளுக்குள்ளிருந்தே பெய்கிறது. வான்கோவின் திறன் குறைந்ததால் விளைந்த வேறுபாடன்று இது. சுவர் மாறியது, சித்திரமும் மாறியது.

இரண்டாவது சான்று, கொல்லர் மகனாய்ப் பிறந்த முனகத்தா ஷிக்கோ. 1903இல் பிறந்து 1975இல் மறைந்த இவர், 1956இல் வெனிஸ் பன்னாட்டுக் கண்காட்சியில் அச்சுக்கலைக்கான பெரும்பரிசு பெற்றவர். போதிசத்துவர் இருவரும் புத்தரின் சீடர் பதின்மரும் நிற்கும் அவருடைய 1939ஆம் ஆண்டுப் படைப்பு, கறுப்பும் வெள்ளையும் மட்டுமே உடையது. கட்டையின் விளிம்புவரை உருவங்கள் நெருக்கி நிற்கின்றன. அங்கே நுண்கோடு இல்லை. உளி பாய்ந்த வேகமே அழகு. பூஜாங் பள்ளத்தாக்கில் பௌத்தச் சின்னங்களைக் கண்ட கெடா மக்களுக்கு இவ்வுருவங்கள் அயலாகத் தோன்றா.

இவருக்கு ஹிரோஷிகேயின் தாள் உதவாது. பசைநீர் பூசிய தடித்த தாள் மையைத் தடுத்து நிறுத்தும். இவர் விரும்பியதோ மையைக் குடிக்கும் தாள். பிற படைப்புகள் பலவற்றில் இவர் வண்ணத்தைத் தாளின் பின்புறத்தில் பூசினார். அது நாரின் வழியே கசிந்து முன்புறத்தில் மெல்ல மலர்ந்தது. மெல்லியதும், உறிஞ்சுவதும், நனைந்தும் கிழியாததுமான தாள் இல்லையேல் இம்முறையே பிறந்திராது. ஹிரோஷிகேக்குக் குற்றமான ஊறல் முனகத்தாவுக்குக் குணமாயிற்று. எனவே தாளுக்குக் குணமும் குற்றமும் தனியே இல்லை. படத்தின் நோக்கமே அவற்றை வகுக்கிறது.

பெயரில் மயங்காமை

ஜப்பானியத் தாளை அரிசிக் காகிதம் என்று வழங்குதல் பிழை. அது மரப்பட்டையின் நாரே, அரிசியினால் ஆனதன்று. ஹோஷோ என்னும் பெயர் தாங்கி மாணவர்க்கென விற்கப்படும் தாள்களுள் எந்திரத்தில் செய்த மரக்கூழ்த் தாள்களும் உண்டு. பயிற்சிக்கு அவை போதும்; ஆனால் பெயரை நம்பி விலை கொடுத்தல் கூடாது.

தாளே தன்னைக் கூறிவிடும். ஒரு சொட்டு நீர் விட்டால், உடனே பரவுவது பசைநீர் பூசாதது. மணிபோல் நிற்பது பூசியது. ஓர் ஓரத்தை நனைத்து இழுத்தால், நெடுநார் தாள் இழையிழையாய்ப் பிரியும். குறுநார் தாள் சட்டென அறும். ஒளிக்கு எதிரே பிடித்தால் நார் சீராகப் பரவியதா என்பது தெரியும். பலகையில் ஒட்டி உலர்ந்த பக்கம் வழவழப்பாக இருக்கும். அதுவே அச்சுக்கு உரிய முகம்.

கெடாவில் எதைத் தேர்வது?

சுங்கைப் பட்டாணியிலோ அலோர் ஸ்டாரிலோ உள்ள ஆசிரியர், வகுப்பு முழுமைக்கும் ஜப்பானியத் தாள் வாங்குதல் இயல்வதன்று, வேண்டுவதும் அன்று. மாணவர் வெட்டும் ஒருநிறப் படத்திற்குச் சீனர் எழுத்துக்கலைக்குப் பயன்படுத்தும் மென்தாள் தக்கது. மையை மெல்லப் பூசி, தாளை நனைக்காமலே கட்டையின்மேல் இட்டு, கரண்டியின் முதுகால் தேய்த்தால் கோடு தெளிவாக விழும். ஈரத்தில் அது நலிந்துவிடுமாதலின் பலநிறப் படத்திற்கு ஆகாது. பள்ளியில் வழங்கும் தடித்த வரைதாளோ கரண்டிக்கு இணங்காது. அதற்கு அழுத்தும் எந்திரம் வேண்டும். புதுச்சேரியில் 1959 முதல் அரவிந்தர் ஆசிரமம் செய்துவரும் பருத்திக் கைத்தாள் போன்றவையும் எந்திர அழுத்தத்திற்கே பெரிதும் பொருந்தும்.

கெடாவின் எல்லைக்கு அப்பால் தாய்லாந்து உண்டு. அந்நாட்டின் வடபகுதியில் செய்யப்படும் சா என்னும் தாளும் காகித மல்பெரி நாரே. கூழை அச்சுச் சட்டத்தில் ஊற்றி, அதன்மேலேயே வெயிலில் உலர்த்துவது அங்குள்ள பழைய முறை. ஆதலின் தடிப்பு சீராக இராது, மேனி சற்றே கரடாக இருக்கும். நுண்கோட்டுக்கு அது பகை; பரந்த வெட்டுக்கு அது துணை. பால் வற்றி வெட்டப்படும் ரப்பர் மரத்தின் பலகையில் நுண்துளைகள் கண்ணுக்குத் தெரியும். ஜப்பானியர் பயன்படுத்தும் செர்ரி மரத்தின் இழைக்கோடு அதில் வாராது. ஆயின், அந்தத் துளைகளையும் வரிகளையும் மெல்லிய சாத்தாள் அப்படியே வாங்கிக் காட்டும். தோட்டத்து மரம் தன் மேனியைத் தானே அச்சிடுவது போன்ற அப்படம், கடன் வாங்கிய அழகாகாது. பூவிதழ் பதித்த அலங்காரத் தாளை மட்டும் விலக்குதல் நலம்.

உண்மைக் கோசோத் தாள், பலநிறப் படம் செய்ய முனையும் முதிர்ந்த கலைஞர்க்கு உரியது. அவரும் சோதனைப் படிகளை மலிவுத் தாளில் எடுத்து, முடிந்த படிகள் சிலவற்றை மட்டும் நல்ல தாளில் எடுக்கலாம். கெடாவின் புழுக்கத்தில் நனைத்த தாளில் பூசணம் விரைந்து பற்றும், கஞ்சிப்பசையும் புளித்துவிடும். ஆதலின் அன்றைய வேலைக்கு வேண்டிய அளவே நனைத்தல் வேண்டும். உலர்ந்த படிகளை இராமபாணப் பூச்சி அணுகாதவாறு மூடிவைத்தல் வேண்டும். பசை கலந்த தாள் அதற்கு நல்விருந்து.

இவற்றையெல்லாம் சொல்லால் விளக்குவதினும் செயலால் காட்டுதல் எளிது. ஒரே கட்டையை வரைதாள், எழுத்துக்கலைத் தாள், சாத்தாள், கோசோத் தாள் ஆகிய நான்கிலும் ஒற்றி, வகுப்பறைச் சுவரில் வரிசையாகத் தொங்கவிட்டால் போதும். எது அழகு, ஏன் அழகு என்று மாணவரையே சொல்லவிடலாம். கோட்டை மட்டும் பார்த்த கண் அன்று தாளையும் பார்க்கத் தொடங்கும். அதன்பின் பழைய பெரிய எழுத்து நூல் ஒன்றை அவர்கள் கையில் கொடுத்தால், மங்கிப்போன அப்படங்களுக்குப் பின்னே நின்ற உளியின் திறனையும் அவர்கள் கண்டுகொள்வர்.