கிட்டார் இல்லாத ராக்: மார்ஃபீன் குழுவின் பத்து ஆண்டுகள்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள கேம்பிரிட்ஜ் நகரில் 1989இல் உருவான மார்ஃபீன், மூன்றே பேர் கொண்ட ராக் குழு. ராக் இசையின் முதுகெலும்பான கிட்டார் அதில் சில பாடல்களில் தலைகாட்டுவதோடு சரி. மார்க் சாண்ட்மேன் பாஸ் வாசித்துப் பாடினார். டேனா காலி பேரிட்டோன் சாக்ஸபோன் வாசித்தார். டிரம்ஸில் முதலில் ஜெரோம் டூப்ரி இருந்தார். 1993இல் அவர் விலக, சாண்ட்மேனின் பழைய கூட்டாளி பில்லி கான்வே வந்தார்.

வழக்கமான பாஸில் நான்கு தந்திகள் இருக்கும். சாண்ட்மேனின் பாஸில் இரண்டுதான். விரலில் மாட்டிய ஸ்லைடு குழாயைத் தந்தியின் மேல் சறுக்கி வாசிப்பார். கோட்டுவாத்தியத்தில் கட்டையை நகர்த்துவது போல, ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு ஒலி அறுபடாமல் வழுக்கிப் போகும். 'பியூனா' பாடலில் இதைத் துல்லியமாகக் கேட்கலாம். முதலில் பாஸ் வளைந்து வளைந்து வருகிறது. சாக்ஸபோன் காத்திருந்து, இடம் பார்த்துத்தான் நுழைகிறது.

அந்தக் காத்திருப்பில்தான் குழுவின் பலம் இருக்கிறது. பாஸ், பேரிட்டோன் சாக்ஸபோன், சாண்ட்மேனின் கனத்த குரல் மூன்றுமே கீழ்ஸ்தாயியில் ஒலிப்பவை. ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் எல்லாம் கலங்கிவிடும். மூவரும் அளந்து வாசித்ததால் ஒவ்வொரு ஒலியும் தனித்து நின்றது. காலி சில சமயம் இரண்டு சாக்ஸபோன்களை ஒரே நேரத்தில் வாயில் வைத்து ஊதுவார். அப்போது மூவர் குழு நால்வர் குழுவாகக் கேட்கும். இந்தப் பாணிக்கு சாண்ட்மேன் வைத்த பெயர் 'லோ ராக்'.

முதல் ஆல்பம் 'குட்' 1992இல் வந்தது. அடுத்த ஆண்டு வந்த 'க்யூர் ஃபார் பெய்ன்' குழுவின் உச்சம். 1995இன் 'யெஸ்' அதன் வேகத்தைக் குறையாமல் காத்தது. ட்ரீம்வொர்க்ஸ் என்ற பெரிய நிறுவனத்தின் ஆதரவோடு 1997இல் வெளியான 'லைக் ஸ்விம்மிங்' தரமானதுதான், ஆனால் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. அந்தத் தேக்கத்தை உடைத்தது 'தி நைட்'. அதில் டூப்ரியும் திரும்பிவந்து வாசித்தார். மற்ற இசைக்கருவிகளுக்கும் இடம் கிடைத்தது.

அந்த ஆல்பம் வெளிவருவதைப் பார்க்க சாண்ட்மேன் இல்லை. 1999 ஜூலை 3 அன்று, ரோமுக்கு அருகிலுள்ள பலெஸ்த்ரீனாவில் மேடையில் பாடிக்கொண்டிருந்தபோதே மாரடைப்பில் சரிந்தார். வயது 46. குழுவும் அத்துடன் முடிந்தது. 'தி நைட்' 2000இல் வெளியானது. காலியும் டூப்ரியும் பின்னர் 'வேப்பர்ஸ் ஆஃப் மார்ஃபீன்' என்ற பெயரில் அந்த இசையைத் தொடர்ந்தார்கள். காலியும் டூப்ரியும் பின்னர் 'வேப்பர்ஸ் ஆஃப் மார்ஃபீன்' என்ற பெயரில் அந்த இசையைத் தொடர்ந்தார்கள்.

புதிதாகக் கேட்பவர்கள் 'க்யூர் ஃபார் பெய்ன்' ஆல்பத்திலிருந்து தொடங்கலாம். கைபேசியின் ஒலிபெருக்கியில் மட்டும் வேண்டாம். பாஸ் அதில் எடுபடாது. நல்ல ஹெட்போனில் கேளுங்கள்.